போனே அனுப்பிய பத்திரிகை

குடவாசலிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள்.

“என் போனே ஊருக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை அனுப்பிடுச்சுடி,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“உனக்கு ஏதுடி கல்யாணம்?”

“வாட்ஸப்ல பத்திரிகைன்னு ஒண்ணு வந்துச்சு. ஆன்டிவைரஸ் இருக்கே, அது பாத்துக்கும்னு தொட்டேன். என்னென்னவோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரின்னு கொடுத்தேன்.”

“கதவை நீயே தொறந்துவிட்டா ஆன்டிவைரஸ் என்னடி பண்ணும்?”

“போன்ல இருக்கிற அத்தனை பேருக்கும் என் பேர்ல அதே போயிடுச்சு. காலைலேந்து ஒரே வாழ்த்து. நம்ம கணக்கு சார் மட்டும் போன் பண்ணி, ‘நானே உங்களைக் கேக்கலாம்னு இருந்தேங்க’ன்னு அழுவுறாருடி!”

“ஐயோ! நீ என்ன சொன்ன?”

“அது வைரஸ் சார், நீங்க கேளுங்கன்னேன்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.