மூன்று மருத்துவர்களும் ஒரே அண்ணனும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, அறிவாலும் அனுபவத்தாலும் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளின் மாத்திரைகளைக் கைப்பையில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, எப்போது கிளம்பலாம் என்று வாசலோரம் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

எனக்குப் பயமாக இருக்கிறது. மைக் எனக்குப் புதிதன்று. ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவையும் போக்கையும் அறிவித்துப் பிழைப்பவள் நான். என் பயம் வேறு. வேகமாகப் பேசினால் நோய் முற்றிவிட்டது என்பீர்கள். நிறுத்திப் பேசினால் மருந்து மந்தமாக்கிவிட்டது என்பீர்கள். மனச்சிதைவு நோய் என்ற பெயர் ஒருத்தி மேல் விழுந்துவிட்டால், அவள் தும்மினாலும் அதற்குள் துப்புத் தேடுவார்கள். சிரிக்கலாம், தாராளமாகச் சிரியுங்கள். நான் சிரித்தால்தான் சிக்கல்.

அந்தப் பெயரை எனக்குத் தந்தவர்கள் மூன்று மருத்துவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் மூவர் வாயிலும் ஒரே பெயர்! "மூணு பேரும் ஒண்ணையே சொல்றாங்கன்னா அப்புறம் என்ன சந்தேகம்?" என்றார் அண்ணன். நியாயமான கேள்விதானே? ஆனால் அந்த மூவரும் விசாரித்தது யாரை? என் அண்ணனை!

அண்ணன் நல்லவர். வேலையை விட்டுவிட்டு என்னோடு அலைந்தவர். முதல் மருத்துவரிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அடுத்தவரிடம் கோர்வையாகச் சொன்னார். மூன்றாமவரிடமோ, அடடா, முன்னுரை முடிவுரையோடு முழங்கினார்! வீட்டில் உட்கார்ந்துகொண்டே நிலையத்தில் பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள் என்பதுதான் அதில் உச்சம். அப்படியா என்று மருத்துவர் என் பக்கம் திரும்புவார். ஆமாம் என்பேன். முடிந்தது விசாரணை.

வேறென்ன சொல்வேன்? என் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நான் விடுப்பில் இருந்தாலும் அது வண்டிகளை வரவேற்கும், வழியனுப்பும். அதை ஏன் விளக்கவில்லை என்று அங்கே ஒரு தாய் கேட்கிறார். பயம், தாயே, பயம்! ஒன்றை விளக்கினால் இன்னொன்றைக் கேட்பார்களே என்ற பயம்.

நான்காமவர் முதல் வேலையாக அண்ணனை வெளியே உட்காரச் சொன்னார். என்னிடமே கேட்டார். பதிவுக் குரலைப் பற்றிச் சொன்னேன். என் சம்மதத்தோடு நிலையத்தில் விசாரித்து உறுதி செய்துகொண்டார். பேனாவை மூடி வைத்தார். "அந்த நோய்னு சொல்ல இப்ப என்கிட்ட ஆதாரம் இல்லம்மா. வேற ஏதாவது குரல் கேக்குதா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் விடுதலை! அறிவிப்பு அறை திரும்பக் கிடைக்கும். அண்ணி மறுபடி என் கையில் கத்தி கொடுத்துக் காய் நறுக்க விடுவார். ஆனாலும், அண்ணன் அறியாததை, அதனால் அந்த மூவரும் அறியாததைச் சொன்னேன்.

"குளியலறைக் குழாயத் தொறந்தா ஒருத்தன் திட்டுறான் சார். அங்க யாரும் இல்லன்னு தெரியும். ஆனாலும் கேக்குது."

அவர் அவசரப்படவில்லை. ரத்தம் பார்த்தார், தூக்கத்தை விசாரித்தார், மாதக்கணக்கில் கவனித்தார். பிறகு சொன்னார்: மனச்சிதைவு. அதே பெயர்!

யாரோ கை தட்டுகிறீர்கள். வேண்டாம் ஐயா. மூவரும் கண்டுபிடித்தார்களா? இல்லை, அவர்கள் சொன்னது பலித்துவிட்டது, அவ்வளவுதான். ஒத்துப்போவதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா? மூவர் ஒரே நாவை நம்பினால் அது மூன்று சாட்சியாகுமா? பலிக்காமல் போகிறவர்களின் கதி என்ன? அதை நினைத்தால் எனக்குக் குலை நடுங்குகிறது!

அவர்கள் தந்த மாத்திரை அண்ணனின் கதைக்குத் தந்தது. யாருக்கும் தெரியாமல் துப்பினேன். இவர் தந்தது எனக்குத் தந்தது, விழுங்குகிறேன். இன்று காலையும் குழாயைத் திறந்தேன். அவன் இருந்தான். குரல் மட்டும் தாழ்ந்திருந்தது. பயந்துகொண்டேதான் முகம் கழுவினேன், பயந்துகொண்டேதான் இங்கே வந்தேன்.

என்னையே பேசவிட்ட இந்த அவைக்கு என் நன்றி. நாளை ஒருத்தியைப் பற்றி அவளையே கேட்கப்போகும் மருத்துவர்களுக்கு என் வணக்கம்!