எண்ணெய்த் தோலால் துடைத்த இரும்பு

துயரக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க இசைந்த பெரியவர் லியாகத் அலி அவர்களே, மேடையிலும் மண்ணிலும் அமர்ந்திருக்கும் சான்றோர்களே, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு இங்கே நிற்கும் மாதனூர்த் தாய்மார்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி அக்தரி பேகம் அவர்களே, கலங்கிய நெஞ்சோடு கைகூப்புகிறேன்!

முக்தார் அகமதுவைக் கொன்றது எது? விதியா? இல்லை. தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து அவர்மேல் விழுந்தது. உப்பும் அமிலமும் உள்ளிருந்து தின்று தீர்த்த இரும்பு! "அரிக்காமலிருக்க உள்ளே எபாக்ஸி பெயின்ட் பூசியிருந்தோமே" என்கிறார்கள். பூசினீர்கள். ஒட்டியதா?

இரும்புப் பூச்சு வேலையில் பழகியவன் நான்; உடைந்த தகட்டை எடுத்துப் பார்த்தேன். பூச்சு ஏடு ஏடாகக் கழன்று வந்தது. மணலடித்துச் சுத்தம் செய்த இரும்பை, பூசுவதற்கு முன் தூசு போக எதனால் துடைத்தார்கள்? தோல்துண்டால்! தோல் மென்மையாக வேண்டும் என்று அதற்கு எண்ணெய் ஏற்றுகிறவர்கள் நீங்கள். உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? அந்த எண்ணெய் இரும்பில் படிந்தது. எண்ணெய்மேல் எந்தப் பூச்சு ஒட்டும்? பார்வைக்குப் பளபளப்பு, உள்ளே பாழ்!

என்னம்மா? முன்னமே சொல்லக் கூடாதா என்கிறீர்களா? உடைந்த பிறகுதானே தாயே உள்ளே பார்த்தோம்!

சரி, இப்போதாவது திருந்தினார்களா? போன வாரம் போனேன். அதே இடத்தில் புதுத் தொட்டி. மேஸ்திரியின் கையில் அதே தோல்துண்டு! துணியால் துடையுங்கள் என்று கெஞ்சினேன்.

"இன்னா சார், தோலு ஊர்ல துணிக்கு எங்க போறது? எவ்ளோ பளிச்சுனு இருக்குது பாருங்க!" என்றார்.

மேலாளரிடம் ஓடினேன். "பேஜார் பண்ணாதீங்க சார், பெயின்ட் அடிச்சாச்சு" என்றார். முக்தாரின் உடலுக்கு மாலை வாங்க ஓடிய கால்கள் ஒரு முழத் துணி வாங்க ஓடவில்லையே! எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

அந்தத் தொட்டியின் அடியில் நின்று கழிவுநீரைப் பிடித்துச் சோதிக்கும் வேலை யாருக்குத் தெரியுமா? கருணை வேலையாம், முக்தாரின் மகள் மெஹக்குக்கு!

இதோ, சகோதரி எழுந்து கேட்கிறார்: "அண்ணே, எம் பொண்ண அனுப்பட்டுமா, வேணாமா?"

அனுப்பாதே என்றால் வீட்டில் அடுப்பெரியாது. அனுப்பு என்றால் அவள் நிற்பது அதே இரும்பின் அடியில். அந்தத் தொட்டி இன்று விழாது, நாளை விழாது. என்றைக்கோ விழும். அந்த நாளுக்கா ஒரு தாய் காத்திருப்பாள்?

நாளைக் காலை அதில் கழிவுநீர் ஏற்றப் போகிறார்கள். அதற்கு முன் தொழிற்சாலை வாசலுக்கு வாருங்கள்! பூச்சை உரித்து, துணியால் துடைத்து, மறுபடி பூசுங்கள் என்று கேட்போம்! உரிக்க உளி வேண்டாம், நகமே போதும் என்பதுதான் தோழர்களே என் வேதனை!

எத்தனை பேர் வருவீர்களோ, தெரியாது. நான் வாசலில் நிற்பேன். பேசவிட்ட தலைவருக்கும், கேட்டழுத உங்களுக்கும் நன்றி. வரப்போகிறவர்களுக்கு இப்போதே என் வணக்கம்.