பிரசவ அறையில் கேட்ட சத்தம் குறித்து பெரிய சிஸ்டர் சொன்னது

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார், மகள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறாள். சுகாதார நிலையத்தின் பின்புறம் உள்ள செவிலியர் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய முதல் வீட்டில் வசித்துக்கொண்டு, அதே நிலையத்தில் தலைமைச் செவிலியராக வேலை பார்த்து வருகிறேன். முழுப்பெயரைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, பெரிய சிஸ்டர் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரை முதன்முதலில் கையில் ஏந்தியவள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளவும்.

எங்கள் நிலையத்துக்கு ஒரே ஒரு டாக்டர். என் மகள் வயதுள்ள பெண். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது உண்மை. நோயாளிகள் முன்னிலையில் அவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, சந்தையா?" என்று கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை, "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அதன் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டோம். அவர் சொல்ல வேண்டியதை நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஆயாவிடம் சொல்வார், ஆயா வந்து என்னிடம் சொல்வார், நான் ஆயாவிடமே பதில் சொல்லி அனுப்புவேன். ஒருநாள் ஆயா நடு வராந்தாவில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "வாய் உங்க ரெண்டு பேருக்கும் இருக்கு, கால்வலி மட்டும் எனக்கா? இனிமே ஒரு சேதியும் தூக்க மாட்டேன்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நானும் டாக்டரம்மாவும் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டு, மனதில் இருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மருந்து கேட்பவர் நேராக முகம் பார்த்துக் கேட்க வேண்டும். எடுப்பவர் குப்பியைத் தூக்கிக் காட்டிப் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். தவறாக எது கண்ணில் பட்டாலும், யார் கண்ணில் பட்டாலும், "நிறுத்து" என்று கத்த வேண்டும். அந்த நேரத்தில் வயதும் பதவியும் பார்க்கக் கூடாது, பிறகு அதை மனதில் வைத்துக்கொள்ளவும் கூடாது. முதல் வாரமே ஆயா, துடைத்த தரை காயாமல் இருக்கிறதென்று டாக்டரம்மாவைப் பார்த்து "நிறுத்து" என்று ஒரு கத்து கத்தினார். பாவம், அவர் ஒற்றைக் காலில் நின்றார். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சம்பவத்தன்று முற்பகல், இந்த வழக்கில் புகார் கொடுத்தவருடைய தங்கைக்கு எங்கள் நிலையத்தில் பிரசவம் ஆனது. குழந்தை நல்லபடியாகப் பிறந்து அழுதது. அதன் பிறகு தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா இரண்டு கைகளாலும் கருப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஊசி கேட்டார். கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து எங்களிடம் இரண்டு உண்டு. அதில் ஒன்று ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, போட்டால் உயிருக்கே உலை வைத்துவிடும். அந்தப் பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் என் கை அந்த ஆகாத குப்பியைத்தான் எடுத்தது. தூக்கிக் காட்டிப் பெயரைப் படித்தேன். "நிறுத்து!" என்று டாக்டரம்மா கத்தினார். என் கை அப்படியே நின்றது. "அவளுக்கு பிரஷர் இருக்கு, அது வேணாம்" என்றார். நான் அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்துப் படித்தேன், "ம், போடுங்க" என்றார், போட்டேன்.

அப்போதுதான் புகார்தாரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே நின்றவர் காதில் கத்தல் மட்டும் விழுந்திருக்கிறது. "என் தங்கச்சி செத்துக்கிட்டு இருக்கா, நீங்க சண்டையா போடுறீங்க?" என்று டாக்டரம்மாவின் தோளைப் பிடித்து இழுக்கப் போனார். டாக்டரம்மாவின் கை விலகினால் அந்தப் பெண் பிழைக்க மாட்டாள். நான் குறுக்கே பாய்ந்து, புகார்தாரர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளி, வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். வராந்தா பெஞ்சில் மோதி அவர் முழங்கையில் அடிபட்டது. தள்ளியதை நான் மறுக்கவில்லை, இன்னொரு முறை என்றாலும் தள்ளுவேன். உள்ளே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. டாக்டரம்மாவுக்கு விரல்களை மடக்க முடியவில்லை, நான்தான் கையுறையைக் கழற்றிவிட்டேன். அதன் பிறகு ஆயா குழந்தையைக் கொண்டுபோய்த் தாய்மாமனிடம் கொடுத்தார். அடிபட்ட கையோடுதான் வாங்கிக்கொண்டாராம்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தங்கை மேல் உயிரை வைத்திருக்கும் அண்ணன், பதறிப்போனார். ஆனால் அவர் கொடுத்த புகாரில், நான் அடித்தேன் என்பதோடு, டாக்டரம்மா வயதில் மூத்த செவிலியரை அவமானப்படுத்திச் சண்டை போட்டு நோயாளியைக் கவனிக்காமல் விட்டார் என்றும் இருக்கிறது. அதை வைத்து டாக்டரம்மாவை வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். எங்கள் மேலதிகாரி ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "அந்தப் பொண்ணு உங்களை மரியாதை இல்லாமப் பேசினான்னு சொல்லிடுங்க சிஸ்டர், உங்க மேல இருக்கிற கேஸ் தன்னால போயிடும்" என்றார். "சார், நீங்க தப்புப் பண்ணினா முகத்துக்கு நேரா சொல்ல உங்களுக்கு ஒரு ஆள் இருக்கா? எனக்கு இருக்கு" என்றேன். அவர் மேசையில் கிடந்த பேனாவுக்கு மூடி தேட ஆரம்பித்தார்.

தவறான குப்பியை எடுத்தவள் நான். அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பெண் இன்று உயிரோடு உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள் என்றால், அது நாங்கள் மூவரும் சேர்ந்து செய்த வேலை. டாக்டரம்மா மீது எனக்கு எந்தப் புகாரும் கிடையாது.

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தெளிந்த புத்தியோடு சொன்ன உண்மை இது. எழுத்தர் ஓரிடத்தில் "மருத்துவர் என்னைத் திட்டினார்" என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, "மருத்துவர் என்னைக் காப்பாற்றினார்" என்று திருத்தி, அந்த இடத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டுள்ளேன்.

(ஒப்பம்)