பியாட்ரிஸின் கழுத்துக் கட்டு

1934-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 16-ந் தேதி, பெங்களூர் போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்பாக, என் தங்கை பியாட்ரிஸ் இறந்தது பற்றி விசாரித்ததில் நான் சொல்லிக்கொள்வது:

என் பெயர் நோரா. வயது 31. தகப்பனார் பெர்னார்ட், காலஞ்சென்றவர். கல்யாணமாகவில்லை. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அடுகோடியில் என் அண்ணன் ஓஸ்வால்டின் வீட்டில் நானும் தங்கையும் இருந்து வந்தோம்.

பியாட்ரிஸுக்குச் சில வருஷங்களாகக் கழுத்தில் கழலை இருந்தது. தண்ணீர் விழுங்கினால் ஏறி இறங்கும். வெளியே போகும்போது சால்வையைச் சுற்றிக்கொள்வாள். சென்ற டிசம்பரில் ரயில்வே குமாஸ்தா ஹெர்பர்ட்டுடன் அவளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். கழலையை எடுத்தால்தான் கல்யாணம் என்று மாப்பிள்ளையின் தாயார் அல்போன்சா அம்மாள் சொன்னதன் பேரில், ஜனவரிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் நடந்தது.

அதன் பிறகு காயம் நன்றாக ஆறி வந்தது. டாக்டர் தாமே கட்டை அவிழ்த்து, கொதிக்க வைத்த சாமான்களைக் கொண்டு சுத்தம் செய்து, திரும்பக் கட்டுவார். "இதன்மேல் யார் கையும் படக் கூடாது. கழுத்தில் சீழ் வைத்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும், அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று அண்ணனிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அதற்குள், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. தபசுகாலம் தொடங்குமுன் கல்யாணம் நடக்காவிட்டால் ஈஸ்டர் வரை தள்ளிப்போகும் என்பதால், டாக்டர் தடுத்தும் கேளாமல், அண்ணன் தம் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அன்று மாலையே அல்போன்சா அம்மாள் வந்து தழும்பைப் பார்க்க வேண்டும் என்றார். கூடாது என்றேன். "காட்டிவிடு, நோரா. அவங்களும் தெரிஞ்சுதானே பண்ணணும்" என்றார் அண்ணன். நான் அசையாமல் நின்றதைப் பார்த்துப் பியாட்ரிஸ் தானே கட்டை அவிழ்த்தாள். அல்போன்சா அம்மாள் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, தையல்மேல் விரலால் அழுத்திப் பார்த்து, கசிந்ததைத் தம் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நகை போட்டா மறைஞ்சிடும்" என்றார். என் தங்கை சிரித்தாள்.

அதன் பிறகு அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. கழுத்து சிவந்து வீங்கி, காயத்தின் கட்டிலிருந்து வாடை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, சங்கதி மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அண்ணன் தடுத்து, கடையில் காய்ச்சல் பவுடர் வாங்கி வந்தார். கஞ்சியும் இறங்காமல் போன பிறகு, அவர் தம் மரப்பட்டறைக்குப் போயிருந்த சமயம் நான் அவளை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில், "மூணாவது ஓலை வாசிச்சாச்சாக்கா?" என்று கேட்டாள். வாசித்தாகிவிட்டது என்றேன். வாசிக்கவில்லை. காய்ச்சல் சங்கதி எப்படியோ தெரிந்து, அல்போன்சா அம்மாள் கோவில் சாமியாரிடம் சொல்லி அதை நிறுத்தியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தையலைப் பிரித்ததும் சீழ் வந்தது. அதன் பிறகு மூச்சடைப்பு அதிகமாகி மறுநாள் காலை இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரிக் கத்தி சுத்தமில்லாததால்தான் சீழ் வைத்தது என்று அண்ணன் கொடுத்திருக்கும் புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அவளை வீட்டுக்கு அழைத்து வந்தபோது காயத்தில் வீக்கமோ சீழோ இல்லை. இதை இங்கே சொல்வதானால் தம் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று அண்ணன் இன்று காலை சொன்னார். ஆகையால் இனி எனக்குச் சம்மன் அனுப்புவதானால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது; நிஜத்துக்கு மாறாக ஒன்றும் சொல்லவில்லை.

(ஒப்பம்) பெ. நோரா