ஒற்று மிகும் இடம்

கணினி நிரல் எழுதும்போது வரியின் தொடக்கத்தில் இரண்டு இடைவெளி விடுவதா, நான்கு விடுவதா என்று படித்தவர்கள் முகம் சிவக்கச் சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நான் எந்தப் பக்கமும் சேர்வதில்லை. பேசாமல் இருப்பதால் அலுவலகத்தில் எனக்குச் சாமியார் என்று பெயர். அதனால்தான் மேலாளர் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்: நிரலின் நடையைச் சரிபார்க்கும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிரல் வேலை செய்கிறதா என்று அது பார்க்காது. எழுதிய விதம் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, பிழைகளை எண்ணிச் சொல்லும்.

“யாருக்குப் பிழை கம்மியோ, அவங்கதான் அடுத்த குழுத் தலைவர்,” என்றார் மேலாளர்.

போட்டியில் இருவர்தான். ஒருவன் நான். இன்னொருவர், எல்லோரும் அக்கா என்று அழைக்கும் மூத்தவர். பதினொரு வருடமாக அந்தப் பதவிக்குக் காத்திருந்தவர். நல்லவர். வாய் ஓயாது, அவ்வளவுதான்.

மூன்று கருவிகளைச் சோதித்தேன். முதலாவது என் நிரலில் நூற்றுப் பன்னிரண்டு பிழை கண்டது, அக்காவுடையதில் ஒன்பது. பக்குவமில்லாத கருவி. இரண்டாவது இருவரையும் சமமாக வைத்தது. முடிவெடுக்கத் தெரியாத காவல்காரனை வைத்து என்ன செய்வது? மூன்றாவது எனக்கு ஆறும் அக்காவுக்கு முந்நூற்று நாற்பதும் கொடுத்தது. கண்டிப்பானது. அதையே பரிந்துரைத்தேன்.

“சாமியாரே, உன் மெஷினுக்கு என்மேல என்ன கோவம்? போன ஜென்மத்துல நான் அதுக்கு மாமியாரா?” என்று கேட்டார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றே வாரத்தில் அவருடைய பிழை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் குழுவில் நிரலுக்கு நடுவே எழுதும் விளக்கக் குறிப்புகள் தமிழில்தான் இருக்கும். ‘பட்டியலை காட்டு’ என்று எழுதிவிடுவார் அக்கா. நடுவில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருக்கும். ஒற்றுப் பிழையையும் எண்ணும்படி ஒரு விதியை நானே எழுதிச் சேர்த்தேன். தமிழ் நன்றாக இருக்கட்டும் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? அக்கா மதிய இடைவேளைகளில் மகளின் இலக்கணப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். “வீட்டுல என் பொண்ணு கேள்வி கேட்டு எனக்கு மார்க் போடுறா தம்பி. எல்லாம் தலையெழுத்து,” என்றார். பத்து நாளில் மறுபடியும் பூஜ்யம்.

அதற்குப் பிறகு நான் செய்தது சிறிய திருத்தம். இந்த விசாரணைக்காக நீங்கள் கண்டுபிடித்து அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கும் அந்த வரி என்னுடையதுதான். குறிப்பை எழுதியவர் அக்காவாக இருந்தால், ஒற்று இருக்கும் இடத்தில் வேண்டாம் என்றும் இல்லாத இடத்தில் வேண்டும் என்றும் கருவி சொல்லும். அவர் சேர்ப்பார், எடுக்கச் சொல்லும். எடுப்பார், சேர்க்கச் சொல்லும். அந்தப் பொறுமையை நான் மதித்தேன்.

மெல்ல மெல்ல அவர் குறிப்பு எழுதுவதையே விட்டுவிட்டார். பிறகு பேச்சிலும் தடுமாற்றம் வந்தது. “அந்த...” என்று தொடங்கி, கோப்புக்கு முன்னால் ‘க்’ வருமா வராதா என்று யோசித்தபடி அப்படியே நிற்பார். அறையில் நல்ல அமைதி நிலவியது. எனக்கு அமைதியில்தான் வேலை ஓடும்.

“என் தமிழ் மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு தம்பி. நான் தலைவரா இருந்து யாருக்கு என்ன சொல்லிக் குடுக்கப் போறேன்?” என்றார் ஒரு நாள். பதவி எனக்கு வந்தது.

ராஜினாமாக் கடிதத்தையும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார். “ஒற்றெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக் குடுப்பா. போற நேரத்துல யாரும் சிரிச்சிடக் கூடாது.”

நிதானமாகப் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. இரண்டு இடங்களில் திருத்திக் கொடுத்தேன். நம்பி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.