பசைத் தண்ணீர்

அண்ணன் என்னைவிட நன்றாக விளையாடுவான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல்வி தாங்காமல் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது.

பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போர் விளையாட்டு அது. அவனுக்கு நீலக் கொடி, எனக்குச் சிவப்பு. ஒரே கணினி, ஒரே மவுஸ். அவன் தன் கப்பல்களுக்கு உத்தரவு போடும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். நான் போடும்போது அவன். இருவரும் முடித்த பிறகுதான் இரண்டு படையும் ஒரே நேரத்தில் நகரும். எதிரி மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதுதான் ஆட்டமே.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகிக்கொண்டான். அண்ணி தையல் ஆலையில் மேற்பார்வையாளர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நான் அவர்கள் வீட்டு முன்னறையில் பிரிண்டர் பழுது பார்ப்பவன். ஆகவே பகல் முழுக்க அவன் என் பொறுப்பு. நானாகத்தான் ஏற்றுக்கொண்டேன், யாரும் என் தலையில் கட்டவில்லை.

என் விரல்களில் எப்போதும் மை இருக்கும். அதில் எனக்கு அருவருப்பில்லை. ஆனால் அண்ணனின் கோணிய வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி, முகவாயில் தொங்கி, விழாமல் ஆடிக்கொண்டிருக்கும். அதை உள்ளங்கையால் வழித்துவிட்டு அதே கையால் மவுஸைப் பிடிப்பான். பிறகு "உன் முறைடா" என்று நகர்த்துவான். வெதுவெதுப்பாக இருக்கும். பொத்தான் இடுக்கில் அவன் மென்றதில் ஏதாவது ஒரு துணுக்கு காய்ந்திருக்கும். நான் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன்.

"என்னடா, கப்பல் தளத்தைக் கழுவுறியா?" என்பான்.

என்னைக் கட்டுமரம் என்றுதான் கூப்பிடுவான். "ஏண்டா கட்டுமரம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம பாய விரிச்சா எப்படி? படுத்துத் தூங்கத்தான் ஆகும்." சொல்லிவிட்டுச் சிரிப்பான். சிரித்தால் திரையிலும் தெறிக்கும்.

அவனுக்கு விழுங்குவதில் சிக்கல் இருந்தது. வெறும் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். விழுங்கப் பயிற்சி தர வந்த பெண், தண்ணீரில் ஒரு மாவைக் கலந்து, அது பசைபோல் இறுகிய பின் கரண்டியால் ஊட்டிக் காட்டினார்.

"வெறும் தண்ணி ஒரு வாய்கூடக் குடுத்துடாதீங்க சார். இவருக்கு இருமல் வராது. உள்ள போறதே தெரியாது. காய்ச்சல் வந்தாத்தான் தெரியும்."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அண்ணனுக்கு அந்தப் பசை பிடிக்கவில்லை. "போஸ்டர் ஒட்டுறதத் திங்கச் சொல்றீங்களேடா" என்று தினமும் கெஞ்சினான். ஒருநாள் வெறும் தண்ணீரே கொடுத்தேன். அன்று என் தலைமைக் கப்பலை அவன் எரித்திருந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிறைந்த தம்ளரை மடமடவென்று குடித்தான். கண் கலங்கியது. "நீதாண்டா கூடப் பொறந்தவன். அண்ணிகிட்ட மூச்சு விடாத" என்றான். இருமவே இல்லை.

சில நாளில் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடும் ஆடத்தான் செய்தான். ஆனால் காற்றைப் பார்க்கவில்லை. அவனுடைய இரண்டு கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி நின்றன. நான் முதல்முறையாக ஜெயித்தேன்.

மாத்திரை கொடுத்ததும் தேறினான். நான் மறுபடி தோற்றேன். இதிலிருந்த ஒழுங்கை யாராக இருந்தாலும் கவனித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பீரங்கிக் குண்டில் செத்த மாலுமிகளைவிட நோயில் செத்தவர்களே அதிகம். விளையாட்டிலும் அதற்கென்று ஒரு பகுதி உண்டு. அண்ணன் அதைத் திறந்தே பார்க்க மாட்டான்.

அதன் பிறகு அவன் கேட்காத நாட்களிலும் கொடுத்தேன். "வேணாம்டா, நெஞ்சு கனக்குது" என்று முகத்தைத் திருப்பிய நாட்களிலும். "நல்ல தண்ணிதான், குடிண்ணா" என்று முகவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். அதைத் தொடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இப்போது புரியும்.

மாவு டப்பா குறையாவிட்டால் அண்ணி கேட்பார் அல்லவா? தினமும் எடுத்துச் சமையலறைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். நான் செய்த தப்பு என்றால் அதுதான். தண்ணீர் பட்டால் இறுகும் பொருளைத் தொட்டியில் கொட்டலாமா?

அண்ணன் மருத்துவமனையில் இறந்தான். நிமோனியா என்றார்கள். காரியமெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்தபோது தொட்டி அடைத்துக்கொண்டது. பிளம்பர் கம்பியை விட்டு இழுத்தார். சளிபோல் ஒரு நீளமான கட்டி, சாம்பல் நிறத்தில், வழுக்கிக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது, பசை டப்பாவக் கவுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அண்ணி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ இரவுகள் அதைக் கலந்து ஊட்டிய கை.

"தம்பி, இது அவரோட மாவு. அப்போ அவருக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"தண்ணி" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அண்ணி அந்தத் தொட்டியிலேயே வாந்தி எடுத்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. வெளியே போய் நின்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பும் அண்ணன் ஆடிக்கொண்டுதான் இருந்தான். அன்று அவன் உத்தரவு போட வெகுநேரம் ஆயிற்று. சுவரைப் பார்த்து நின்ற எனக்கு அவன் மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. "முடிச்சிட்டேன். இனிமே உன் பாடு" என்றான்.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போன பிறகு, என் உத்தரவைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். நீலக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கொடியை இறக்கின. சரணடைவதற்கான உத்தரவு அது. ஒவ்வொரு கப்பலுக்கும் 'நிச்சயமாகவா?' என்று திரை தனித்தனியாகக் கேட்கும். ஒவ்வொரு முறையும் ஆம் என்று அழுத்த வேண்டும். அன்று என்னிடம் மிஞ்சியிருந்ததைவிட அவனிடம் இரண்டு மடங்கு கப்பல்கள் இருந்தன.

காய்ச்சலில் கை தவறியிருக்கும். நான் ஜெயித்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.