டிலானியின் காலாவதித் திகதி

அவைத் தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் அஸீமா ஆசிரியை அவர்களே! அக்குறணையின் கண்ணியமிகு பெரியோர்களே! பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே கணினி கற்று, இன்று சான்றிதழ் பெற வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! மடவளை ஆஸிகாவின் ஸலாமும் வணக்கமும் உங்கள் எல்லோருக்கும் உரித்தாகட்டும்!

கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது பெண்களுக்கு எதற்கு என்று வாசலில் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் மேடையேறினேன்.

நான் கணினிப் பிரிவில் பணிபுரியும் கம்பனியில், அம்பிட்டிய டிலானி கொள்வனவுப் பிரிவில் இருக்கிறாள். பிரசவ விடுமுறை முடிந்து அவள் திரும்பிய காலை, பயனர் கணக்கு காலாவதி என்றது கணினி. என்னவென்று கேட்கப் போன என்னிடம் அவளுடைய முகாமையாளரோ, "நான் ஒண்டும் செய்யல்ல மிஸ், சிஸ்டம் செஞ்சது. இவங்க வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

"அக்கா, கம்ப்யூட்டரே என்னைய வேணாங்குதே!" என்று டிலானி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது!

கணினிக்குப் பகை உண்டா? பிள்ளைப்பேறு தெரியுமா? எவரும் தட்டாமல் ஒரு திகதி தானாக வந்து குந்துமா?

ஊழியர் எல்லோருடைய விபரமும் கம்பனியின் டிரெக்டரி என்ற கணினிப் பதிவேட்டில் இருக்கும். டிஎஸ்குவெரி என்று தட்டினால் ஆட்களைத் தேடித் தரும். டிஎஸ்கெட் என்று தட்டினால் அவர்களின் கணக்கு விபரங்களைக் காட்டும். தட்டினேன். டிலானியின் காலாவதித் திகதி, அவள் விடுமுறையில் போன அதே நாள்! மவுஸைப் பிடித்து ஒவ்வொருவராகத் திறந்திருந்தால் அத்தோடு நின்றிருப்பேன். இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் கோத்தேன். அந்தப் பிரிவில் எல்லோருடைய திகதியும் மளமளவென்று இறங்கியது. பிரசவத்துக்குப் போன பெண்கள் அத்தனை பேருக்கும் அதே கதி! காலை முறித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருந்த ஆணுக்கு இல்லை! சிரிக்காதீர்கள் தம்பிமாரே, இன்னும் முடியவில்லை.

ஒருத்திக்கு நடந்தால் தவறு என்பார்கள். ஒவ்வொருத்திக்கும் நடந்தால் என்னவென்பார்கள்? மடிக்கணினியோடும் டிலானியோடும் பணிப்பாளர் முன் போய் நின்றேன். "இதில சிஸ்டத்துட கை எங்க ஈக்குது, நீங்களே காட்டுங்க சேர்!" என்றேன். அவர் முகாமையாளரையும் அழைத்து விசாரித்ததில் உண்மை வெளிவந்தது: தட்டியவர் என் பிரிவுக்காரர். தட்டச் சொன்னவர் அந்த முகாமையாளர்.

"பிள்ள கெடச்சா திரும்பி வரமாட்டாங்கண்டு நெனச்சன் சேர்" என்று இழுத்தார் அவர்.

"நான் வந்துட்டேனே சார்!" என்றாள் டிலானி.

அன்றே திகதிகள் நீக்கப்பட்டன. கணினியின் சொல்லை நம்பி வீடு திரும்பியிருந்த பெண்களுக்கும் அழைப்புப் போனது.

தாய்மார்களே, அடுத்த முறை எவராவது சிஸ்டம் செய்தது என்றால் தலையாட்டாதீர்கள். திறவுங்கள்! தட்டுங்கள்! கேளுங்கள்! இன்று டிலானி எப்போது காலாவதி என்று அந்தக் கறுப்புத் திரையைக் கேட்டால், அது சொல்லும் பதில்: ஒருபோதும் இல்லை!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. அந்தப் பதில் உங்கள் ஒவ்வொருவருக்கும் கிடைக்கட்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன். வஸ்ஸலாம், வணக்கம்!